நான் மறுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தது

ஒக்கலிபுரம்,
பெங்களூர்.
12-8-1958

சௌபாக்கியவதி காந்தாவுக்கு அப்பா எழுதுகிறது. உடம்பு மட்டில் நானும் உன் அம்மாவும் தம்பி முனியும் இங்கே சௌக்கியம், அங்கே கரக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போன மாதம் முழுக்க அப்பா ஒரு வரி போடவில்லையே என்று கோபமாக இருப்பாய். போட்டேனம்மா. நாலு பக்கம் எழுதி, உறையில் வைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, நானே ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து போய்ப் பெட்டியில் போட்டேன். சில நாள் கழித்து போஸ்ட்மேன் கோவிந்தப்பா வாசலில் மணி அடித்துக் காகிதம் என்று நீட்டினான். உன் கடிதம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். உறையைக் கிழித்துவிட்டுத்தான் கண்ணாடியைத் தேடினேன். அம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுப் பலகை போட்டு உட்காரவைத்து, உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். சௌபாக்கியவதி காந்தாவுக்கு அப்பா ஆசீர்வாதம் என்று முதல் வரி. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, காந்தா எதுக்குக் காந்தாவுக்கே எழுதறா, பாப்பா பொறந்ததிலேர்ந்து அவளுக்கு மறதிதான் என்றாள். அப்புறம்தான் என் கையெழுத்து எனக்கே தெரிந்தது. பெறுபவர் இடத்தில் என் விலாசத்தையும் அனுப்புபவர் இடத்தில் உன் விலாசத்தையும் எழுதியிருக்கிறேன், தபால்காரர்கள் பாவம், சொன்னபடி கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். கோவிந்தப்பா போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெட்டிஷன் சாமி, நிம்ம காகித நிமகே பந்திதே, உங்க காகிதம் உங்களுக்கே வந்திருக்கு, அடுத்த தடவை ஸ்டாம்ப் ஒட்டாதீங்க, நேரா ஜேப்புல வெச்சுக்குங்க என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். நாலு நாள் குழாயடியில் இதே பேச்சு.

அந்தக் கடிதத்தில் எழுதியிருந்ததெல்லாம் நல்ல சமாச்சாரம். முனிக்கு ஹெப்பகோடியில் பெண் நிச்சயம் ஆகிவிட்டது, ஆவணியில் முகூர்த்தம், நீ ஒரு வாரம் முன்னதாகவே வர வேண்டும், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் அவருடைய ரயில்வே பாஸ் எடுத்துக்கொண்டு குழந்தையோடு நீயாவது வா என்று எழுதியிருந்தேன். அது திரும்பி வந்ததும் ஒரு வகையில் நல்லதுதான். அதில் எழுதின எதுவும் இப்போது நிஜமில்லை. முனிக்கு வேலை போய்விட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்றுதான் இரண்டு நாளாக யோசித்தேன், எனக்குச் சுற்றி வளைக்கத் தெரிந்தது இங்கிலீஷில்தான், அதில் வளைத்துத்தான் இந்தக் கதி என்று உன் அம்மா சொல்கிறாள், அதனால் நேராகவே எழுதிவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அடுகோடியில் முனி வேலை பார்த்த வார்னிஷ் கம்பெனியில் காய்ச்சுகிற தொட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நம் வீட்டுக் கூடத்தைவிட ஆழம். ஒரு சரக்குக் காய்ச்சி முடிந்ததும் அடியில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம், ஆள் உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும். மூடியைத் திறந்து ஒரு நாளாவது ஆறவிட்டு, நெடி போன பிறகுதான் இறங்குவது வழக்கம். முனி அந்தத் தொட்டிக்காரர்களுக்கு மேலே சார்ஜ்ஹேண்ட், அவனுக்கு மேலே ரெமிஜியஸ் என்று ஒரு போர்மேன். போன மாதம் ஒரு நாள் முனிக்கு சார்ஜ் ஷீட் வந்தது. தொட்டியில் ஆளை இறக்கும்படி போர்மேன் இட்ட உத்தரவை நீ ரெஃப்யூஸ் செய்தாய், அதற்கு எழுத்தில் பதில் கொடு என்று இருந்தது. சாயங்காலம் முனி அதை என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். நான் படித்துப் பார்த்துவிட்டு, என்னடா இது, என்ன பதில் எழுதறது என்று கேட்டேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, நான் மறுக்கலப்பா, அப்படியே எழுதிடு என்றான். அவ்வளவுதான் சொன்னான். உனக்குத்தான் தெரியுமே, உன் தம்பி ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசினால் காய்ச்சல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்குச் சந்தோஷம். மறுக்கவில்லை என்கிறான், விஷயம் முடிந்தது, உத்தரவை மீறவே இல்லை, யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நாம் எழுதுகிற பதிலில் மேனேஜர் துரையே எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் பாரத்தோடு படிப்பை விட்டவனென்றாலும் பட்டாளத்து டிப்போவில் வெள்ளைக்காரன் வாயிலிருந்து நேரடியாக இங்கிலீஷ் பிடித்தவன் என்று உன் அப்பனுக்கு ஒரு கர்வம் உண்டல்லவா, இந்தத் தெருவில் குழாய் வந்தது என் பெட்டிஷனால் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன், முனிசிபாலிடிக்காரர்கள் அந்த வருஷம் எல்லாத் தெருவுக்கும் குழாய் போட்டார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். முனி தூங்கப் போன பிறகு நல்ல காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். அவர்கள் ரெஃப்யூஸ் என்று எழுதியிருக்கிறார்கள், நானும் அதையே திருப்பி எழுதினால் இவனுக்கு வார்த்தைப் பஞ்சம் என்று நினைக்க மாட்டார்களா. நீ விட்டுப்போன டிக்ஷனரியை எடுத்து மறு என்கிற இடத்தைப் பார்த்தேன். ரெஃப்யூஸ் என்று போட்டு, அதற்குப் பக்கத்திலேயே டினை என்று போட்டிருந்தது. ஒட்டி உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரும் ஒரே குடும்பம் என்று நினைத்துவிட்டேன். அதுவும் டினை சின்ன வார்த்தை, அழகாக இருந்தது, எனக்கு முருகனுக்குப் படைக்கிற தினைமாவு ஞாபகம் வந்தது, நல்ல சகுனம் என்று அதையே போட்டேன். மேற்படி குற்றச்சாட்டைப் பற்றி ஐ மோஸ்ட் ஹம்ப்ளி டூ நாட் டினை என்று எழுதி, கீழே யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வெண்ட் என்று முடித்தேன். காலையில் முனி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

நீ இங்கே இருந்திருந்தால் ஒரு பார்வையில் சிவப்பு மசியால் சுழித்திருப்பாய். உனக்கு இது சிரிப்பாக இருக்கும். அங்கே உன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் கிளாஸ் குழந்தைகூட இந்தத் தப்பைச் செய்யாது. இருந்தாலும் நான் கற்றுக்கொண்டதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை, இந்த வயதில் நான் கற்ற பாடம் வேறு எதுவும் இல்லை. என்கொயரி நடந்தது, கால்மணி நேரத்தில் முடிந்தது, முனி டிஸ்மிஸ் என்று காகிதத்தோடு வந்து நின்றான். என்னடா ஆச்சு என்றால், ஒண்ணுமில்லப்பா, முடிஞ்சுபோச்சு என்றான். சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் மறுநாள் ஆவேசமாக வந்தார்கள், கோர்ட்டுக்குப் போவோம் என்று சட்டைக் கையை மடித்தார்கள், பதில் காகிதத்தின் நகலைக் காட்டு என்றார்கள், படித்தார்கள், மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டு, தம்பியே எழுத்துல ஒத்துக்கிட்டாரே அய்யா, யாரு எழுதினது இது என்றார்கள். நான் எதை ஒத்துக்கொண்டது என்று கேட்டேன். அவர்களுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு அடுகோடிக்கு பஸ் ஏறினேன். அங்கே லேபர் ஆபீசர் வெங்கடசுப்ரமணியன் என்று ஒருத்தர், என்கொயரியை நடத்தினவரும் அவர்தான், மெட்ராஸில் வக்கீலுக்குப் படித்தவர். நான் அவரைக் கடுவன் பூனை மாதிரி நினைத்துக்கொண்டு போனேன், அவரோ உக்காருங்கோ பெரியவரே என்று நாற்காலி போட்டு, எனக்கும் சேர்த்துக் காபி கொண்டுவரச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மரியாதைக்கு. சார், பையன் உத்தரவை மீறவே இல்லையே, அதைத்தானே எழுதியிருக்கோம், எழுதினது நான்தான் என்றேன். அவர் என் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்து, இரண்டு தடவை படித்துவிட்டு, பெரியவரே, ஒருத்தர் உங்களை ஒண்ணு செய்யச் சொல்றார், நீங்க மாட்டேங்கறேள், அது ரெஃப்யூஸ். நீ இதைச் செஞ்சேன்னு ஒருத்தர் சொல்றார், நீங்க இல்லேங்கறேள், அது டினை. இப்போ காபி வேண்டாம்னேளே, அது ரெஃப்யூஸ். குடிச்சுட்டுக் குடிக்கலேன்னு சொன்னா அது டினை. நீங்க எழுதியிருக்கறதுக்கு அர்த்தம், ஆமாம் நான் உத்தரவை மீறினேன், இல்லேன்னு சொல்ல மாட்டேன் என்றார். நான் ரெஃப்யூஸ் பண்ணியும் வந்துவிட்ட காபி எதிரே ஆறிக்கொண்டிருந்தது. நம்ம பாஷையில ரெண்டுக்கும் ஒரே மறுப்புதானே சார் என்றேன். ஆமாம், நம்மவாளுக்கு வேண்டாம்னாலும் மறுப்பு, இல்லேன்னாலும் மறுப்பு, ஆனா துரை இங்கிலீஷ்லன்னா படிக்கறார் என்றார்.

ஆனால் நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இது மொழிபெயர்ப்பில் வந்த தப்புதான் என்றால் ஒரு வழி இருக்கிறது என்றார். திங்கட்கிழமை பையனை அழைத்துக்கொண்டு வாருங்கள், நான் உத்தரவை மீறவில்லை, அப்பா வார்த்தை மாற்றிப் போட்டுவிட்டார் என்று அவன் வாயால் எனக்கு எதிரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் துரைக்கு எழுதி வைக்கிறேன், ரெமிஜியஸும் பிடிவாதக்காரர் இல்லை, மெஷின் சத்தத்தில் சொன்னது காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், எச்சரிக்கையோடு வேலையில் சேர்த்துவிடுவார்கள் என்றார். காந்தா, அன்றைக்கு நான் பஸ்ஸில் திரும்பி வந்தது எப்படி என்று சொன்னால் நம்ப மாட்டாய். அவமானத்தில் கூனிக்குறுகி வந்திருக்க வேண்டும், நானோ பாட்டுப் பாடாத குறை. தப்பு என்னுடையது, அது என் முட்டாள்தனம், முட்டாள்தனத்தைத் திருத்திவிடலாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உங்க இங்கிலீஷ்ல இடி விழ, இத்தனை வருஷமா தெருவுல எத்தனை பேர் குடியைக் கெடுத்திருக்கீங்களோ என்று ஆரம்பித்தவள், திங்கட்கிழமை வேலை கிடைத்துவிடும் என்றதும் பாயசம் வைக்கலாமா என்று கேட்டாள். முனியிடமும் சொன்னேன். அவன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான், பார்க்கலாம்பா என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பச்சைமுத்து என்று ஒருத்தன் வந்தான். முனிக்குக் கீழே தொட்டி சுரண்டுகிறவன், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், எலும்பும் தோலுமாக இருக்கிறான், நாலு பெண் குழந்தைகள். முனி அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். பச்சைமுத்து உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு இருமினான், இருமி முடித்து வாயைத் துண்டால் துடைத்துத் துண்டை மடித்து ஒளித்துக்கொண்டான், அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அண்ணே, தம்பிக்கு வேலை போனது என்னாலதான் என்றான். அன்றைக்குத் தொட்டி ஆறவே இல்லையாம். சாயங்காலம் லாரி நிக்குது, எறக்குடா அவனை என்று ரெமிஜியஸ் கத்தியிருக்கிறார். முறை பச்சைமுத்துவுடையது. இவனுக்கு மார்புச் சளி, ரத்தமாக வருகிறது, கம்பெனியில் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள், முனிக்கு மட்டும் தெரியும். நான் எறங்கிடறேன் தம்பின்னுதாண்ணே சொன்னேன், கேக்கலை, தொட்டி வாய் மேல ரெண்டு காலையும் போட்டுக்கிட்டு உக்காந்துடுச்சு, எறக்க மாட்டேன் சார்னு மூணு தடவை சொல்லிச்சு, ஏன்டான்னு கேட்டதுக்கு என்னைக் காட்டிக் கொடுக்கலை, எறக்க மாட்டேன் அவ்ளோதான்னு சொல்லிச்சு என்றான். நாளைக்கு நானே போய் ஆபீசர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேண்ணே என்று அழுதான். அதற்குள் முனி குடத்தோடு வந்துவிட்டான். வாயை மூடிக்கிட்டு நாளைக்கு ஷிப்டுக்குப் போ, உன் வீட்டுல ஆறு வாயி, எங்க வீட்டுல மூணுதான் என்று சொல்லி, சட்டையைப் பிடித்து எழுப்பி, தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நான் மறுக்கலப்பா என்று முனி சொன்னது, உத்தரவை மீறவில்லை என்று இல்லை. மீறினேன், இல்லையென்று சொல்ல மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதை நான் தப்பாகப் புரிந்துகொண்டு, தப்பான வார்த்தையைப் போட்டு, கடைசியில் அவன் சொன்னதையே எழுதிவிட்டிருக்கிறேன். ஜென்மத்தில் முதல் தடவையாக உன் அப்பன் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறான், அதுவும் தெரியாமல். இதைக் கேட்டு நீ சிரிக்கலாம், நானும் சிரித்துப் பார்த்தேன், வரவில்லை. என் தப்பு என்று இருந்தவரை ஒரு பிடி இருந்தது காந்தா. தப்பாக இருந்தால் அடித்துத் திருத்தலாம், காலில் விழலாம், பைத்தியக்காரக் கிழவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு பிள்ளையை உள்ளே அனுப்பலாம். சரியாக எழுதினதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. காரணத்தைச் சொன்னால் பச்சைமுத்துவின் நாலு பெண்கள் தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் என் வீடு வரும். அன்றைக்கு அம்மா பாயசம் வைக்கவில்லை.

தெரிந்தும் திங்கட்கிழமை அவனை அழைத்துக்கொண்டு போனேன். அவனும் எதிர்ப்பேச்சு இல்லாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான், நான் தடுக்கி விழுந்துவிடுவேன் என்று பஸ்ஸில் என் கையைப் பிடித்து ஏற்றினான், எனக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தான். ஆபீசில் வெங்கடசுப்ரமணியன் காகிதம் பேனா எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார், பாதி எழுதியே வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். சொல்லுப்பா, அன்னிக்கு ரெமிஜியஸ் சொன்னப்போ நீ மாட்டேன்னு சொன்னியா, இல்லே உங்கப்பா வார்த்தை மாத்திப் போட்டுட்டாரா, யோசிச்சுச் சொல்லு, அவசரமில்லே என்றார். பையனுக்கு இதைவிட வாகாக யாரும் படிக்கட்டு வைத்துக் கொடுக்க முடியாது, ஒரு தலையசைப்பில் ஏறிவிடலாம். முனி நின்றுகொண்டே இருந்தான். பிறகு, அப்பா எழுதினது சரிதான் சார், அப்பாவுக்கு நல்லா இங்கிலீஷ் தெரியும் என்றான். வெங்கடசுப்ரமணியன் பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போது ஏதோ புரிந்த மாதிரி இருந்தது, ஆனால் கேட்கவில்லை. எழுந்து நின்று என் பிள்ளைக்குக் கை கொடுத்தார், அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை, அதை வைத்து அரிசி வாங்க முடியாது.

வெளியே கேட்டுப் பக்கத்தில் ரெமிஜியஸ் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். நானும் புள்ளகுட்டிக்காரன்தான் பெரியவரே, மேல இருக்கறவன் என்னைப் புடுங்கறான், ஆனா நான் பொய்யா எதுவும் எழுதலை என்றார். நீங்களும் எழுதலை, நாங்களும் எழுதலை, அதுதாங்க இப்போ கஷ்டமாப் போச்சு என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன், முனி சைக்கிள் ஷெட் பக்கம் போய் அங்கிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்தான்.

இப்போது நிலவரம் இதுதான். உத்தரவை மீறினதற்காக டிஸ்மிஸ் என்று காகிதத்தில் போட்டுவிட்டார்கள், அதைப் பார்த்துவிட்டு ஊரில் வேறு எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடமாட்டேன் என்கிறது. முனி காலையில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கப் போகிறான், கிடைத்த அன்றைக்கு உண்டு. ஹெப்பகோடியிலிருந்து பெண்ணின் தகப்பனார் வந்து, நிச்சயத்துக்கு நாம் கொடுத்த புடவையை மடித்தபடியே திண்ணை மேல் வைத்துவிட்டு, பையன் தங்கம்தான், ஆனா எங்க வீட்டுல பொம்பளைங்க பயப்படறாங்க என்று சொல்லிப் போய்விட்டார். மறுத்துவிட்டார்கள். இது ரெஃப்யூஸ், டினை இல்லை, எனக்கு இப்போதெல்லாம் வித்தியாசம் தூக்கத்தில் கேட்டாலும் தெரிகிறது. அம்மா அந்தப் புடவையைப் பெட்டியில் வைக்காமல் கொடியிலேயே போட்டிருக்கிறாள், ஏன் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. அவளுக்கு முழங்கால் வலி அதிகம், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை, முன்பெல்லாம் நாள் முழுக்கச் சொல்வாள், அதுவே தேவலை போலிருக்கிறது. எனக்கு எந்தக் காகிதத்தையும் எழுதக் கை வருவதில்லை. போன வாரம் முனி எதிர்வீட்டு அம்மாளை அழைத்துக்கொண்டு வந்து, அப்பா, இவங்களுக்கு ரேஷன் கார்டுக்கு ஒரு பெட்டிஷன் வேணுமாம், எழுதிக்கொடு என்று என் முன்னால் காகிதத்தை வைத்தான், பேனாவில் மசி நிரப்பிக் கொடுத்தான். எழுதினேன், அந்த அம்மாளுக்கு கார்டு வருமோ ஜெயில் வருமோ தெரியாது. இவன் எனக்கு எதற்கு இந்த மரியாதை செய்கிறான். திட்டினால் தாங்கிக்கொள்வேன். உங்க இங்கிலீஷ் என்று ஒரு வார்த்தை சொன்னால் நன்றாகத் தூங்குவேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். மாப்பிள்ளையிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல், அங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசி வேலையாக இருந்தாலும் பரவாயில்லை, முனியை அனுப்புகிறேன். கஷ்டம் என்றால் கஷ்டம் என்று எழுதிவிடு, அவரைச் சங்கடப்படுத்தாதே, அவர் புது உத்தியோகஸ்தர். எனக்கும் நடக்கும் என்று தோன்றவில்லை, கேட்காமல் இருக்க முடியாததால் கேட்கிறேன். பச்சைமுத்துவின் உடம்பு விஷயம் மாப்பிள்ளையோடு இருக்கட்டும், வெளியே போக வேண்டாம். முனிக்கு நீ தனியாகக் கடிதம் எழுதினால் இதைப் பற்றிக் கேட்காதே, குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பற்றி எழுது, அவன் அதைத்தான் இரண்டு தடவை கேட்டான். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குக் குடை இல்லாமல் போகாதே. அம்மா உனக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறோம். இந்தத் தடவை விலாசத்தை முனியை விட்டே எழுதச் சொல்லப்போகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், யாரிடமும் கைகட்டி நிற்காமல், நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஆசீர்வாதம் செய்கிறோம்.

ஒன்று மட்டும் உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆபீசர் கேள்வி கேட்டுவிட்டுப் பேனாவோடு காத்திருந்தாரே, அப்போது முனி உடனே பதில் சொல்லவில்லை, திரும்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் கடையில் மிட்டாய் நீட்டினால் வாங்கலாமா என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. பொய் சொல்லுடா கண்ணா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. சொல்லியிருந்தால் சொல்லியிருப்பான், காந்தா. என் பேச்சை அவன் ஒரு நாளும் மறுத்ததில்லை.

உன் அப்பா,
தனக்கோடி